எட்டில் ஏழாவது சொல்

அத்தியாயம் 9

நாலு மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்து கணினியைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விடுவார். இப்போது மணி மூன்று பத்து. வாலுவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஜன்னலுக்கும் மேசைக்கும் நடுவே எத்தனை நடை நடந்தான் என்று அவனுக்கே கணக்கில்லை.

"உக்காருடா. தரை தேயுது" என்றார் டீச்சர்.

"தரை கம்பெனியோடது டீச்சர். தேயறது என் செருப்பு. அதுக்கு நீங்கதான் பணம் தரணும்."

டீச்சர் கடிகாரத்தைப் பார்த்தார். இருபது வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுத் துப்பறிய வந்தவர் அவர். விடை தெரிகிறவரை வாயைத் திறக்கமாட்டார். அவருடைய உதவியாளன் வாலுவுக்கு முப்பத்திரண்டு வயது. வாய் மட்டும் இன்னும் கடைசி பெஞ்சை விட்டு எழுந்து வரவில்லை.

சனிக்கிழமை என்பதால் மூன்றாம் மாடி காலியாகக் கிடந்தது. மொழிபெயர்ப்பு அலுவலகம் அது. அரசு வேலைத் தேர்வுகளுக்கு வினாத்தாள் தயாராவதும் இங்கேதான். அந்த வினாத்தாள்களின் தமிழைத் திருத்திக் கொடுத்துக்கொண்டிருந்தவளைத்தான் நேற்றுச் சாயங்காலத்திலிருந்து காணவில்லை. அவளுக்குப் பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. எதைக் கேட்டாலும் ஒரு திருத்தம் சொல்லுவாள் என்பதால் ஆபீஸில் அவளுக்கு 'அகராதி' என்று பெயர். நாளைக் காலை நடக்கப்போகும் தேர்வின் வினாத்தாள் வெளியே போய்விட்டது என்று மூன்று நாளாகக் குசுகுசுப்பு. இன்று காலை அவளுடைய மேசையில், ஓடிக்கொண்டிருந்த கணினியில், ஒரு கடிதம் இருந்தது. இன்ஸ்பெக்டர் அதைப் படம் பிடித்துக்கொண்டு, "நான் திரும்பி வர்ற வரைக்கும் யாரும் இதை அணைக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

அச்செடுத்த பிரதி அக்காவின் கையில் கசங்கிக்கொண்டிருந்தது. காணாமல்போனவளின் அக்கா. டீச்சரைத் தேடி வந்தவள் அவள்தான்.

வாலு அதை வாங்கி இன்னொரு முறை படித்தான்.

*'வினாத்தாளை வெளியே கொடுத்தது நான்தான். நான் செய்தது பெரிய வழு. யாரையும் இதில் இழுக்க வேண்டாம். என் தமக்கை பாவம், அவளுக்கு எதுவும் தெரியாது. நான் போகும் இடத்தைப் பற்றி மருட்சி எதுவும் இல்லை. என்னைத் தேட வேண்டாம்.'*

"இது அவ எழுதினதே இல்ல தம்பி" என்றாள் அக்கா. காலையிலிருந்து இதையே சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டியிருந்தது. "பேச்சு வந்த நாள்லேர்ந்து அக்கா, அக்கான்னு என் உயிரை எடுத்தவ. சாகப் போறேன்னு எழுதுறப்ப மட்டும் தமக்கைன்னு எழுதுவாளா? எவனோ எழுதி வெச்சிருக்கான்."

"இன்ஸ்பெக்டர் என்ன சொன்னார்?"

"அவர் ஆத்தைப் பார்க்க ஆள் அனுப்பியிருக்கார். கிணத்தைப் பார்க்க ஆள் அனுப்பியிருக்கார்." அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "உசிரோட இருக்கிற இடத்துல தேடுறதுக்கு ஆளே அனுப்பல."

அதுதான் டீச்சரையும் அரித்துக்கொண்டிருந்தது. இந்தக் கடிதத்தைப் போலீஸ் நம்பினால், அவளை வைத்திருக்கிறவன் யாராக இருந்தாலும் அவனுக்கு இனி ஒரே ஒரு வேலைதான் பாக்கி.

கதவருகே தொண்டையைச் செருமும் சத்தம். "வரலாமா?"

கீழே வாசலில் டெலிபோன் போர்டைக் கவனித்துக்கொள்கிறவர். எல்லாருக்கும் அவர் 'போர்டு அண்ணன்'. அவருக்கும் பார்வை கிடையாது. சுவரைப் புறங்கையால் தொட்டபடி நேராக அந்த மேசைக்கு வந்து, நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். வாலு நாலு முறை முட்டிக்கொண்ட குப்பைத்தொட்டியை அவர் ஒரு முறைகூடத் தொடவில்லை.

"அண்ணே, இந்தக் கணினியில அவங்கதான் உக்காந்து எழுதினாங்களான்னு உங்களால சொல்ல முடியுமா?" என்று கேட்டார் டீச்சர்.

அவர் காதொலிப்பானை ஒரு காதில் வைத்து, நாலு விசைகளைத் தட்டினார். "திரைவாசிப்பான் ஓடுது. திரையில இருக்கிறதை வாய்விட்டுப் படிக்கிற மென்பொருள் இது. வேகத்தை அவ வெச்ச மாதிரியே வெச்சிருக்கு. தம்பி, கேளுங்க."

வாலு காதில் வைத்தான். எண்ணெயில் கடுகு வெடித்தது. "இது தமிழா?"

"சுத்தத் தமிழ். அவ ஒரு பக்கத்தை நாப்பது செகண்டுல கேட்டு முடிப்பா. வேற யாராவது உக்காந்திருந்தா, ஒண்ணு இதை அணைச்சிருப்பாங்க, இல்ல வேகத்தைக் குறைச்சிருப்பாங்க. குறைக்கல. எழுதினது அவதான்."

அக்காவின் முகம் விழுந்துவிட்டது. வாலுவுக்கு அண்ணன்மீது சுருக்கென்று கோபம் வந்தது. உதவி செய்ய வா என்று கூப்பிட்டால் இன்ஸ்பெக்டர் பக்கம் சாட்சி சொல்கிறாரே மனுஷன்.

"ஆனா ஒண்ணு" என்றார் அண்ணன். "மானிட்டர் சூடா இருக்கே. ஓடுதா என்ன?"

"ஓடுதே."

"அவ மானிட்டரைப் போடவே மாட்டா. எனக்கு எதுக்கு அது, தண்டமா கரண்டுக்குக் கேடுன்னு சொல்லுவா. முதுகுக்குப் பின்னால நின்னு எவனாவது படிப்பான்னு ஒரு பயம் வேற."

டீச்சர் நிமிர்ந்தார். "காலையில மேலாளர் உள்ள வந்தப்பவே திரையில கடிதம் பளிச்சுன்னு தெரிஞ்சதுன்னு சொன்னார். அப்ப நேத்தே போட்டிருக்காங்க. அவ எழுதும்போது பக்கத்துல கண்ணு தெரிஞ்ச ஒரு ஆள் உக்காந்திருந்திருக்கான். ஒவ்வொரு எழுத்தையும் பார்த்துக்கிட்டு."

அக்கா, "பாவி" என்றாள், யார் என்று தெரியாமலே.

"சரி, மிரட்டி எழுத வெச்சாங்கன்னே வெச்சுக்குவோம்" என்றான் வாலு. "கத்தியைக் கழுத்துல வெச்சா எனக்கு 'ஐயோ' தவிர வேற வார்த்தை வராது. இவங்களுக்கு எப்படிப் பாட்டன் காலத்துத் தமிழ் வருது?"

"அதான் கேள்வி. அண்ணே, கடைசியா எழுதினதுலேர்ந்து ஒவ்வொண்ணா ரத்து பண்ணிட்டே பின்னால போகலாம் இல்லையா?"

"கன்ட்ரோல் இசட். கோப்பை மூடாத வரைக்கும் போகலாம். அணைச்சாப் போச்சு."

"போங்க. மெதுவா."

அண்ணன் ஒருமுறை தட்டினார். திரையில் 'மருட்சி' மறைந்து 'பயம்' வந்தது. இன்னொரு தட்டு. 'தமக்கை' போய் 'அக்கா'. மூன்றாவது தட்டு. 'வழு' போய் 'தப்பு'. நாலாவதற்குக் கடிதத்தின் கடைசி வரியே காணாமல்போனது.

"போதும், அந்த வரியை மட்டும் திரும்பக் கொண்டு வாங்க" என்ற டீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கணக்கு இடித்தால் அவர் செய்கிற வேலை அது. "முழுசா எழுதி முடிச்சிருக்கா. எல்லாம் சாதாரணத் தமிழ். அப்புறம் திரும்பி வந்து மூணே மூணு சொல்லை மட்டும் மாத்தியிருக்கா. எப்படி மாத்தினா?"

"இணைச்சொல் பட்டியல். சொல்லு மேல கர்சரை வெச்சு ஷிப்ட்டோட எஃப் ஏழு அடிச்சா, அதே அர்த்தத்துல இருக்கிற சொல்லெல்லாம் வரிசையா வரும். கீழ் அம்புக்குறியைத் தட்டிக்கிட்டே போனா ஒவ்வொண்ணாப் படிக்கும். வேணுங்கிறது வந்ததும் மெனுவைத் திறந்து 'செருகு'ன்னு கொடுத்தா, சொல்லு மாறிடும். வினாத்தாள்ல ஒரே சொல் ரெண்டு தடவை வந்தா அவ பண்ற வேலை இது."

கதவு திறந்தது. மேலாளர். மெல்லிய மனிதர், மெல்லிய குரல், கையில் கனமான சாவிக்கொத்து. காலையிலிருந்து அக்காவுக்கு மூன்று முறை தண்ணீர் கொண்டுவந்து கொடுத்திருந்தார்.

"இன்னும் முடியலையா மேடம்? நாலு மணிக்கு வந்துடுவாங்க. நான் இதை ஷட் டவுன் பண்ணி மூட்டை கட்டி வெச்சா அவங்களுக்கும் வேலை மிச்சம்."

"அஞ்சு நிமிஷம் சார். தலைவலி மண்டையைப் பிளக்குது. டீ கிடைக்குமா?"

"ஆபீஸ்ல இல்லையே. கீழ கடைக்குத்தான் போகணும்."

"எனக்குச் சர்க்கரை கம்மி. இவனுக்கு ரெண்டு கப்பா வாங்கிடுங்க."

மேலாளர் கணினியை ஒருமுறை பார்த்துவிட்டுப் போனார். சாவிக்கொத்தின் சத்தம் படி இறங்கியது. மணி மூன்று முப்பத்தைந்து.

"எனக்கு எதுக்கு டீச்சர் ரெண்டு?"

"கப்பு கூடினா அவர் வர நேரமாகும். அண்ணே, 'தப்பு' மேல வெச்சுப் பட்டியலைத் திறங்க. வேகத்தைக் குறைச்சு, எல்லாருக்கும் கேக்கிற மாதிரி வைங்க."

காதொலிப்பானைப் பிடுங்கியதும் ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல் நிதானமாகப் பேசியது. *"தவறு. ஆறில் ஒன்று."* அம்புக்குறி. *"பிழை. ஆறில் இரண்டு. குற்றம். ஆறில் மூன்று. வழு. ஆறில் நான்கு."*

"நிறுத்துங்க" என்றார் டீச்சர். "தவறு இருக்கு, பிழை இருக்கு, குற்றம் இருக்கு. மூணுமே நல்லாத்தான் இருக்கு. அதையெல்லாம் தாண்டிப் போய் வழுவை எதுக்கு எடுத்தா? தக்காளிக் கூடையில மேல இருக்கிற நல்ல பழத்தையெல்லாம் ஒதுக்கிட்டு ஒருத்தி அடியில கைவிடுறான்னா, அவளுக்குத் தக்காளி முக்கியமில்ல."

வாலு குனிந்து திரையைப் பார்த்தான். பக்கவாட்டில் பட்டியல் இருந்தது. தவறு, பிழை, குற்றம், வழு. சொற்கள் மட்டுமே. அவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு இன்னொரு முறை பார்த்தான்.

"அண்ணே, ஆறில் நாலு, ஆறில் நாலுன்னு சொல்லுதே, அது எங்க இருக்கு? திரையில நம்பரே இல்லையே."

"திரையில இருக்காது தம்பி. உங்களுக்கு எதுக்கு நம்பர்? ஒரு பார்வை பார்த்தா பட்டியல் எவ்வளவு நீளம், எங்க நிக்கறோம்னு தெரிஞ்சுடும். எங்களுக்கு எத்தனையில எத்தனாவதுன்னு சொன்னாத்தானே தெரியும்? அதனால இது வாயால சொல்லும்."

சொல்லி முடிக்கும்போதே அண்ணனின் விரல்கள் விசைப்பலகையில் நின்றுவிட்டன. டீச்சரின் துடைக்கும் கையும் நின்றது.

"பக்கத்துல இருந்தவன் கண்ணால சொல்லை மட்டும் பார்த்தான்" என்றார் டீச்சர். "அவ காதுல நம்பரைக் கேட்டுக்கிட்டிருந்தா. 'ஒரு தடவை மெருகேத்திக்கறேன், இல்லேன்னா என் எழுத்துன்னு யாரும் நம்ப மாட்டாங்க'ன்னு கேட்டிருப்பா. படிச்சவங்க புத்தி, போகட்டும்னு விட்டிருப்பான். அண்ணே, அடுத்தது."

*"மூத்த சகோதரி. மூன்றில் ஒன்று. தமக்கை. மூன்றில் இரண்டு."*

"பயம்?"

*"அச்சம். எட்டில் ஒன்று. பீதி. எட்டில் இரண்டு."* குரல் அவசரமே படாமல் போய்க்கொண்டிருந்தது. திகில், கிலி, நடுக்கம், வெருட்சி. வாலுவுக்கு அதன் கழுத்தைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது. *"மருட்சி. எட்டில் ஏழு."*

"நாலு, ரெண்டு, ஏழு" என்றான் வாலு. "நானூத்தி இருபத்தேழு. என்ன அது? பஸ் நம்பரா?"

அண்ணனின் முகம் வெளுத்திருந்தது. "இன்டர்காம் நம்பர்" என்றார். "இந்தக் கட்டடத்துல கதவுல என்ன எழுதியிருக்குன்னு எனக்கும் அவளுக்கும் தெரியாது. எங்களுக்கு ஒவ்வொரு அறையும் ஒரு நம்பர்தான். அவ என்கிட்ட 'கேன்டீன்ல இருக்கேன்'னு சொல்ல மாட்டா, 'நூத்தி பன்னெண்டுல இருக்கேன் அண்ணே'ம்பா. எனக்குத்தான் எழுதியிருக்கா. நான் காலையில இருந்து கீழ உக்காந்து வர்ற போனுக்கெல்லாம் வணக்கம் சொல்லிக்கிட்டிருந்தேன்."

"நானூத்தி இருபத்தேழு யாரோட அறை?"

"யாரோடதும் இல்ல. நாலாம் மாடி. பழைய காகிதக் கிடங்கு. ஒரு வருஷமாப் பூட்டிக் கிடக்கு. ரிப்பேர் வேலைன்னு அந்த மாடிக்கே யாரும் போறதில்ல."

"சாவி?"

அண்ணன் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தார். "மேலாளர்கிட்டதான்."

அக்கா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். மூன்று முறை தண்ணீர் வாங்கிக் குடித்த டம்ளர் மேசையில் இருந்தது. அதை எட்டத் தள்ளிவைத்தாள்.

டீச்சர் குரலை உயர்த்தவில்லை, ஆனால் சொற்களை வகுப்பில் அடிப்பதுபோல அடித்தார். "அண்ணே, போர்டுக்குப் போங்க. முதல்ல இன்ஸ்பெக்டரைக் கூப்பிடுங்க. அப்புறம் அந்த நம்பரை அடிங்க. நான் சொல்ற வரைக்கும் நிறுத்தாதீங்க. அக்காவும் உங்க கூடவே இருக்கட்டும். வாசல் கதவு?"

"திறக்கிற பட்டன் என் மேசையிலதான். டீயோட உள்ள வந்தார்னா மறுபடி வெளியே போக முடியாது."

படிக்கட்டில் வாலு இரண்டிரண்டாகத் தாவினான். டீச்சருக்கு மூட்டுவலி, ஆனாலும் பின்னாலேயே மூச்சு கேட்டது. நாலாம் மாடிக் கதவில் ஒரு தகரப்பூட்டு தொங்கியது. சுவரோரம் இருந்த தீயணைப்பு உருளையைத் தூக்கி வாலு மூன்று போடு போட்டான். பூட்டு நிலைத்தது, அது மாட்டியிருந்த கொண்டி பெயர்ந்து வந்துவிட்டது.

உள்ளே நீண்ட தாழ்வாரம். சிமென்ட் தூசி. வரிசையாகக் கதவுகள், இரண்டு பக்கமும். வர்ணம் பூசுவதற்காக எல்லா எண் பலகைகளையும் கழற்றிவிட்டிருந்தார்கள். எல்லாக் கதவிலும் பூட்டு.

"பதினாலு கதவு" என்றான் வாலு. "ஒவ்வொண்ணா உடைச்சா விடிஞ்சிடும்."

"பேசாம இரு."

கீழே மேலாளரின் குரல் கேட்டது. என்ன சொன்னார் என்று புரியவில்லை. தொடர்ந்து டம்ளர்கள் உடையும் சத்தம், வாசல் கதவை யாரோ பிடித்து உலுக்கும் சத்தம். வாலு திரும்பப் போனான். டீச்சர் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"அவனை விடு. அவன் எங்கயும் போக முடியாது. கேளு."

வாலு கண்ணை மூடிக்கொண்டான். முதலில் அவனுடைய இதயம்தான் கேட்டது. பிறகு எங்கோ காகிதத்துக்கும் சுவருக்கும் நடுவே அமுங்கிப்போன ஒரு மணி. ட்ரிங், ட்ரிங். நின்றது. மறுபடியும். அவன் கையை நீட்டிச் சுவரைத் தொட்டபடி நடந்தான். இடப்பக்கம் இல்லை. வலப்பக்கம். மூன்றாவது கதவில் மங்கலாக இருந்தது, நாலாவதில் கொஞ்சம் தெளிந்தது, ஐந்தாவதில் மறுபடி மங்கியது. பின்வாங்கி நாலாவது கதவில் காதை வைத்தான். மரம் அதிர்ந்தது.

"இதுதான் டீச்சர்."

உருளை நாலு முறை விழுந்தது. கதவு உள்பக்கமாகச் சாய்ந்தது.

கூரை வரைக்கும் காகிதக் கட்டுகள். அவற்றுக்கு நடுவே ஒரு இரும்பு அலமாரியின் காலோடு கைகள் கட்டப்பட்டு, வாயில் அகலமான ஒட்டுநாடாவோடு அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள். தலை தொங்கியிருந்தது. சுவரில், அவளுக்கு எட்டாத உயரத்தில், இன்டர்காம் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. வந்ததற்குப் பலன் இல்லையோ என்று வாலு ஒரு விநாடி பயந்தே போனான்.

காலடிச் சத்தம் பக்கத்தில் வந்ததும் அவள் சட்டென்று தலை நிமிர்ந்து, கால்களை இழுத்துக்கொண்டு அலமாரியோடு ஒட்டினாள்.

"பயப்படாதம்மா. உங்க அக்கா அனுப்பினாங்க" என்றார் டீச்சர். தரையில் மண்டியிட்டு, ஒட்டுநாடாவை ஓரத்திலிருந்து பொறுமையாக உரித்தார்.

அவள் காற்றை விழுங்கினாள். இருமினாள். "மணி எத்தனை?"

"நாலு ஆகப் போகுது."

"சனிக்கிழமையா?"

"சனிக்கிழமைதான்."

"எழுத வெக்கும்போதே அந்த மேலாளர் சொன்னான், பழைய கிடங்குல போட்டுப் பூட்டுவேன், நாளைக்குப் பரீட்சை முடிஞ்சதும் வருவேன்னு. ராத்திரியோட ராத்திரியா ஆத்துப் பக்கம் கொண்டு போறதாப் பேச்சு." தன்னைப் பற்றியதே அல்ல என்பதுபோல அதைச் சொன்னாள். "அந்தப் போனை யாராவது எடுங்களேன். அடிக்க ஆரம்பிச்சதிலேர்ந்து எடுக்க முடியலையேன்னு உசிரு போகுது."

வாலு ரிசீவரை எடுத்தான். சுருள் கம்பியை இழுத்துக்கொண்டு வந்து, கட்டு இன்னும் அவிழாத அவள் காதோடு சேர்த்துப் பிடித்தான். கீழேயிருந்து அக்காவின் குரல் அவனுக்கே கேட்டது. ஹலோ, ஹலோ என்று அதே ஒரு சொல்லை மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அக்கா" என்றாள் அவள். "நான் இருக்கேன்."

மறுமுனையில் பேச்சு நின்று அழுகை வந்தது. அது முடிகிற வரைக்கும் அவள் ரிசீவரில் கன்னத்தைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே இருந்தாள். வாலு கையை எடுக்கவில்லை.